இறுக்காமல் விட்ட கண்ணி

மும்பையில் உட்கார்ந்து கம்பளி நூல் பின்னுகிறவளைப் பைத்தியக்காரி என்றுதான் சொல்வார்கள். செம்பூரில் மார்கழியிலும் ஃபேன் போடாமல் தூங்க முடியாது. தெரிந்தேதான் பின்னினேன். எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பழக்கிவிட்டவள் பக்கத்து வீட்டு மராத்திக்காரி. என் வீட்டுக்காரருக்கு நினைவு தப்பி, விழுங்கவும் மறந்துபோய், மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்திருந்த நேரம். நாள் முழுக்க நான் கட்டிலோரம் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஊசியும் நூலும் கொண்டுவந்தாள்.

"ஏக் சீதா, ஏக் உல்டா. பஸ்!" என்றாள்.

ஒரு கண்ணி நேராக, அடுத்த கண்ணி புரட்டி. அடுத்த வரிசையில் இடம் மாற்றிப் போடவேண்டும். வித்தை இவ்வளவுதான். துணி முழுக்கக் குட்டிக் குட்டிப் புடைப்பாக எழும்பி வரும். அதற்கு சாபுதானா டிசைன் என்று பெயர், நம் ஜவ்வரிசிதான். விரலால் தடவினால், அடடா, விட மனசு வராது. வீட்டில் இவ்வளவு துக்கம் கிடக்க இந்த அற்பப் புடைப்புகளில் உனக்கென்னடி சந்தோஷம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே பின்னினேன்.

பெரிய தொல்லை அவருடைய கைகள். சும்மா இருக்காது. குழாயைப் பிடித்து இழுத்துவிடுவார், ரத்தம் வரும். கைகளைக் கட்டிலோடு கட்டச் சொன்னார் டாக்டர். என் பழைய சேலையைக் கிழித்து நானே கட்டினேன். பாவி மனுஷன் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் உடம்பு துடைக்கக் கட்டை அவிழ்த்தபோது, என் மடியிலிருந்த பின்னலை எட்டிப் பிடித்தார். ஓரத்தில் கட்டைவிரலை வைத்து நெம்பிப் பார்த்தார். எனக்குப் பகீரென்றது. தாராவியில் தோல் பை தைக்கும் கார்கானாவில், அந்தப் பட்டறையில், காலமெல்லாம் அவர் செய்த வேலை அது. தைத்து வரும் பையைக் கட்டைவிரலால் நெம்புவார், தையல் இளகினால் பிரித்துப் போட்டுவிடுவார்.

"யாரும்மா தச்சது இத? சரியில்ல. பிரிச்சிட்டுத் திருப்பித் தை" என்றார்.

கட்டின பெண்டாட்டியை அடையாளம் தெரியவில்லை. கார்கானாவுக்குப் புதிதாக வந்த பெண் என்று நினைத்துவிட்டார். அங்கே எல்லோரும் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

"சரி அண்ணாச்சி" என்றேன்.

சொந்தப் புருஷனை அண்ணாச்சி என்று கூப்பிட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் அவரே நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். குழாய்ப் பக்கம் கை போகவே இல்லை.

அதன்பிறகு கைகளைக் கட்டவில்லை. ஒவ்வொரு பின்னல் துண்டையும் முடிக்கும்போது கடைசிக் கண்ணியை இறுக்காமல் விட்டேன், அவர் இழுத்தால் சுலபமாக வரட்டும் என்று. அவர் பிரிப்பார், அதே நூலில் நான் மறுபடி பின்னுவேன். இதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஒருமுறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லாத்தான பின்னியிருக்கேன் அண்ணாச்சி, கண்ணத் தொறந்து பாரும்!"

"வாய் காட்டாத. வேலையப் பாரு."

வீட்டில் ஒருநாளும் என்னை எதிர்த்துப் பேசாத மனுஷன்! சிரித்துவிட்டேன்.

பிறகு ஒரு சாயங்காலம், துண்டின் நாலு ஓரத்தையும் மெதுவாகத் தடவிப் பார்த்தார். இழுக்கவில்லை. மடித்து என் கையில் கொடுத்தார்.

"நல்லா வந்திருக்கு. பாஸ்."

பிரிக்க ஒன்றும் இல்லாவிட்டால் கை மறுபடி குழாய்க்குப் போகுமே. "இன்னொரு தடவ நல்லாப் பாருங்க அண்ணாச்சி" என்று கெஞ்சினேன்.

"பாத்தாச்சும்மா. வெரசாக் கெளம்பு, வீட்டுல ஒன்னத் தேடுவாங்கல்லா. நாளைக்கு வந்துரு."

"வந்துருதேன்" என்றேன்.

மறுநாள் நான் அதே கட்டிலோர நாற்காலியில் இருந்தேன். விடியும் முன்பே அவர் போய்விட்டிருந்தார். கைகள் இரண்டும் நெஞ்சின்மேல் சும்மா கிடந்தன.

அந்தத் துண்டு அலமாரியில் இருக்கிறது. கடைசிக் கண்ணியை இன்னும் இறுக்கவில்லை. பிரிக்கத்தான் ஆளில்லை.