பொது வரப்புக்குள் கிடந்த புழுக்கள்

போன மாதம் என் கொழுந்தனார் சவரி இறந்த பிறகு நம் குடும்பக் குரூப்பில் பலரும் எழுதினீர்கள். "கான்வென்டில் படித்த மருமகள் வந்துதான் அண்ணன் தம்பியைப் பிரித்தாள்" என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் கும்பிடு போட்டிருந்தீர்கள். அந்த மருமகள் நான்தான்; நான் பிரித்தேன் என்பது தவறு. சவரியின் பிள்ளைகளாவது நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்பளிப்பூச்சி கடலைச் செடியைத் தின்னும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். தூறல் விழுவது போல இருக்கும்... வெளியே வந்து பார்த்தால் மழை இருக்காது.

ஐம்பதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமான புதிது. தாடிக்கொம்புப் பக்கம் என் வீட்டுக்காரருக்கும் சவரிக்கும் அடுத்தடுத்த நிலம். நடுவில் ஒரு பொது வரப்பு. அந்த வருஷம் முதல் மழைக்குப் பிறகு வந்த புழு, இருவர் கடலையையும் தின்று காம்பை மட்டும் விட்டது.

பிறகு ஒரு நாள் புழுக்கள் காணாமல் போயின. தொலைந்தது சனியன் என்றார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் நம்பவில்லை.

மார்கழிப் பனியில் மண்வெட்டியோடு போய் எங்கள் பக்கத்து வரப்புகளின் அடியைக் கிளறினார். நான் மண்ணெண்ணெய் டின்னோடு பின்னால் போனேன். ஈர மண்ணுக்குள் பேரீச்சங்கொட்டை போலக் கூட்டுப்புழுக்கள். செத்தது மாதிரிதான் கிடக்கும். உள்ளங்கைச் சூடு பட்டதும் வால் பக்கம் லேசாக அசையும். தின்னாமல், குடிக்காமல், குளிர்காலம், கோடை எல்லாவற்றையும் அப்படியே கிடந்து கழித்துவிட்டு, அடுத்த மழைக்கு அந்துப்பூச்சியாகப் புறப்படும். உழுத மண்ணில் அவற்றுக்குப் பிழைப்பில்லை. யாரும் கை வைக்காத இடம்தான் வேண்டும்.

யாரும் கை வைக்காத இடம் அந்தப் பொது வரப்பு.

"சவரி, அம்புட்டுப் புழுவும் இதுக்குள்ளதாண்டா கிடக்கு. செத்த நேரம் வா. ரெண்டு பேருமா தோண்டி எடுத்துப்புட்டு மண்ணைப் பழையபடி அணைச்சிருவோம்."

"அண்ணே, வரப்புல மட்டும் கை வைக்காதீக. இன்னைக்குப் புழுவைத் தோண்டுவீக, நாளைக்கு வரப்பு ஒரு சாண் எம் பக்கம் நகந்து நிக்கும்."

நான் சொன்னேன்: "ரெண்டு முனையிலயும் முளை அடிச்சுக் கயிறு கட்டிக்கிட்டுத் தோண்டலாம் தம்பி. நீங்களே கூட நின்னு பாருங்க."

"மதினி இங்கிலீசு படிச்சவுக. வரப்புச் சங்கதியெல்லாம் அந்தப் புத்தகத்துல போட்டிருக்க மாட்டாக" என்று சிரித்தார்.

நான் பேசியது அவ்வளவுதான். பிரித்ததாகச் சொல்கிறீர்களே, அந்தப் பேச்சு இதுதான்.

மறுநாள் விடிகாலையிலிருந்து சவரி கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரப்பின் மேல் வந்து உட்கார்ந்தார். தை பிறக்கும் வரை உட்கார்ந்திருந்தார். காவலாம். கூடப்பிறந்தவனுக்கு எதிராக ஒருவர் அந்தக் குளிரில் காவல் இருந்தார். அவருக்குக் கீழே புழுக்கள் நிம்மதியாகத் தூங்கின.

என் வீட்டுக்காரர் அந்த வரப்பைத் தொடவில்லை. "தம்பி வேணாங்கறான், விடு" என்றார்.

அடுத்த ஆனியில் மழை. இரண்டாம் நாள் பொழுது சாய, வரப்பு வெடித்தது போல வெள்ளை வெள்ளையாகப் பூச்சிகள் எழும்பி இரு பக்கமும் இறங்கின. அப்புறம் மறுபடியும் அந்தத் தூறல் சத்தம்.

"எல்லாம் உங்க பக்கமிருந்து வந்ததுதான்" என்றார் சவரி.

"ஏலே, நீ உக்காந்து அடைகாத்ததுடா அது" என்றார் இவர்.

அண்ணனும் தம்பியும் கடைசியாகப் பேசியது அதுதான். கோயிலில்கூட ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கம். என் வீட்டுக்காரரை அடக்கம் செய்த அன்று சவரி கல்லறைத் தோட்டத்து வாசல் வரை வந்து, வெளியிலேயே நின்றுவிட்டுப் போனார்.

இப்போது அங்கே கடலை இல்லை. உங்கள் பக்கம் பூச்செடி, எங்கள் பக்கம் பிளாட் போட்டுக் கல் நட்டாயிற்று. மார்கழியில் அந்தப் பழைய குளிரும் இல்லை. வரப்பு மட்டும் இருக்கிறது, ஒரு சாண் கூட நகராமல்.

சவரியின் பிள்ளைகளுக்கு: உங்கள் அப்பா படுக்கையில் கிடந்த நாட்களில் அண்ணன் பெயரை ஒரு தடவையாவது எடுத்தாரா? இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். போன் வேண்டாம், எனக்குச் சரியாகக் காது கேட்பதில்லை. எழுத்தில் பதில் வேண்டும்.