கல் நின்ற கொல்லை

ஆங்கிலத்தில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் வேஸ்ட். இன்றும் யார் வாயில் அதைக் கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பேரப்பிள்ளைகள் என் எதிரில் அதைச் சொல்வதில்லை. சொன்னால் சோற்றுத் தட்டு பறக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொல்லிமலையில் நிலம் அளக்க வந்த துரை ஒருவனுக்கு நான் சமையல்காரனாக இருந்தேன். அதே மலையில் வளப்பூர் நாட்டில் பிறந்த எனக்குக் கோழி வறுக்கவும் முட்டை அவிக்கவும் எப்படித் தெரியும் என்றால், கீழே ஒரு பங்களாவில் சில காலம் எடுபிடியாகக் கிடந்திருக்கிறேன். டின்களின் மேல் ஒட்டியிருந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்து ஆங்கில எழுத்தும் கொஞ்சம் பழகியிருந்தது. துரையை அவன் என்றுதான் எழுதுவேன். அவர் என்று எழுதக் கை வரவில்லை.

அவன் வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான். தட்டில் மிச்சம் வைத்த கறியைக் காட்டி வேஸ்ட் என்பான். சரி, எச்சில் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போவேன். கிழித்துப் போட்ட காகிதத்துக்கும் அதையே சொன்னான். அப்படியானால் குப்பை. குளித்த தண்ணீர் ஓடுவதைக் காட்டிச் சொன்னபோது கழிவு என்று புரிந்தது. அவனை டோலியில் தூக்கி மேலே கொண்டுவந்த ஆட்கள் மூச்சு வாங்க உட்கார்ந்தால், நேரம் வேஸ்ட் என்று கத்துவான். எச்சிலை நாய்க்குப் போடலாம், குப்பையை எருவாக்கலாம், கழிவுத் தண்ணீரை வாழைக்கு விடலாம். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் கட்டித் தூக்கி எறிகிற இந்தச் சோம்பேறிகளா நம்மை ஆள்கிறார்கள் என்று அடுப்படியில் நின்று திட்டுவேன். அதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை. என் அண்ணனின் கொல்லைக்கு அவன் வரும்வரை.

அண்ணனுக்கு இருந்தது ஒரே ஒரு மேட்டுக் கொல்லை. அதில் விளைகிற சாமையும் கேப்பையும்தான் அவர் வீட்டுச் சோறு. சில வருஷம் விதைத்த பிறகு அதைத் தூங்க விடுவார். கடைசி அறுவடை முடிந்ததும் நுழைகிற இடத்தில் ஒரு பலகைக் கல்லை நட்டு நிறுத்துவார்கள். கல் நின்றால் நிலம் தூங்குகிறது என்று அர்த்தம். மூன்று வருஷத்து மழை போகும்வரை எங்கள் ஊரில் யாரும் அதற்குள் காலெடுத்து வைக்கமாட்டோம். உள்ளே இருக்கும் பலாவில் பழம் பழுத்து விழுந்தாலும் எடுக்கமாட்டோம். மூன்றாவது மழை பெய்ததும் கல்லைப் படுக்கப் போட்டுவிட்டு விதையோடு நுழைவோம். அதுவரை அண்ணன் வீட்டில், குடிசைக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் கிடைத்ததை வைத்து அரை வயிற்றுக் கஞ்சிதான்.

கல் நின்ற முதல் வருஷம் துரை அங்கே வந்து சேர்ந்தான். சங்கிலி பிடிக்கிற ஆட்கள், அவன் பேச்சைத் தமிழில் சொல்ல ஒரு கீழ்நாட்டுக் குமாஸ்தா, மதியச் சாப்பாட்டைச் சுமந்துகொண்டு நான். பேளுக்குறிச்சியிலிருந்து மிளகு வாங்க வரும் வியாபாரி ஒருவனும் ஒட்டிக்கொண்டு வந்தான். தேனும் கோழியுமாகக் கொடுத்து ஏற்கெனவே துரையைக் குளிப்பாட்டி வைத்திருந்தான் அவன். ஊர் முழுக்கக் கல்லுக்கு இந்தப் பக்கம் கூடிவிட்டது.

இது யாருடையது என்று துரை கேட்டான். அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"என்ற கொல்லைங்க, சாமி."

"உள்ள போயி நாலு மூலையும் நின்னு காட்டச் சொல்றாரு துரை" என்றான் குமாஸ்தா.

"கல்லு நிக்குதுங்களே. தூங்கறது மேல காலு வெக்கறதுங்களா? இங்கிருந்தே காட்டறனுங்க." அண்ணன் பலாமரத்தையும் மேற்கே இருந்த பாறையையும் ஓடையையும் ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்டினார்.

அதை அப்படியே சொல்ல அந்தக் குமாஸ்தாவுக்கு என்ன கேடு? உள்ளே போகப் பயப்படுகிறான் என்று மட்டும் சொன்னான். சொந்த நிலத்துக்குள் போக எவன் பயப்படுவான் என்று துரை சிரித்தான். அடுத்து அந்தச் சொல்தான் வரும் என்று எனக்குத் தெரியும், பொறுக்கவில்லை. சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "நோ வேஸ்ட் சார், ஸ்லீப்பிங் சார்" என்றேன். அவன் இன்னும் பலமாகச் சிரித்தான். குமாஸ்தாவும் சிரித்தான்.

அப்போதுதான் அந்த வியாபாரி கல்லைத் தாண்டினான். காலில் செருப்போடு போனான். மூலைக்கு மூலை நின்று கையைத் தூக்கிக் காட்டினான். திரும்பும்போது பலாவடியில் கிடந்த பழம் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான்.

"கேப்பாரில்லாத பூமிங்க தொரை. எனக்குத் தர்காஸ்து குடுத்தீங்கன்னா திருத்திக்குவனுங்க."

யாராவது ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். இழுப்பதற்கும் உள்ளேதான் போக வேண்டும். ஊரே கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தியது. துரை நிலத்தை ஒரு பார்வை பார்த்தான். அந்தச் சொல்லைச் சொன்னான். குமாஸ்தா எழுதிக்கொண்டான். நான் அன்றைக்கே கரண்டியை அடுப்பில் போட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

வேஸ்ட் என்று எழுதிவிட்டால் அது சர்க்கார் நிலமாம், தர்காஸ்து கேட்டவனுக்குக் கொடுக்கலாமாம். சில மாதத்தில் கொல்லை வியாபாரியின் பெயருக்குப் போனது. தூக்கத்திலேயே அதைக் கொத்திக் கிளறி ஆமணக்கு போட்டான். நின்ற கல் அவனுக்கு வெறும் கல், அதை அவன் தொடவில்லை. களை வெட்ட அண்ணனையே கூலிக்குக் கூப்பிட்டான், வெட்கங்கெட்டவன்.

"அது இன்னும் எந்திரிக்கலீங்க. நான் வரமாட்டேன்" என்றார் அண்ணன்.

எனக்கு அண்ணன்மேலும் கோபம் வந்தது. போனது போய்விட்டது, இனி என்ன தூக்கம், என்ன விழிப்பு என்று சண்டை போட்டேன். அவர் எழுந்து குடிசைக்குப் பின்னால் போய்விட்டார்.

மூன்றாவது மழை பெய்தது. அண்ணன் குளித்துவிட்டு, விதைச் சாமையை மடியில் கட்டிக்கொண்டு, களைக்கொத்தோடு கிளம்பினார். கல்லைப் படுக்கப் போட்டார். உள்ளே போய் ஆமணக்குச் செடிகளுக்கு நடுவில் கொத்த ஆரம்பித்தார். வியாபாரியின் ஆட்கள் தடியோடு வந்தார்கள். அடித்துக் கட்டி, மலையிறக்கிப் போலீசில் விட்டார்கள். மூன்று மழை காலெடுத்து வைக்காமல் காத்திருந்த மனுஷனை, காலெடுத்து வைத்த குற்றத்துக்காகச் சேலம் ஜெயிலில் போட்டார்கள்.

அவரைப் பார்க்கப் போன இடத்தில் பழைய புத்தகக் கடையில் தமிழ் அர்த்தம் போட்ட ஓர் ஆங்கில அகராதி வாங்கினேன். எழுத்துக் கூட்டி அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தேன். வீண், விரயம், பாழ், தரிசு, கழிவு என்று நீண்டுகொண்டே போனது. நாசமாக்குதல் என்றும் இருந்தது. அதையெல்லாம் செய்தவன் துரைதானே! தூங்குகிற நிலம் என்று ஒரு வரி இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடினேன். இல்லை. கடைசியில், உடம்பு நாளுக்கு நாள் கரைந்துபோவதற்கும் அதே சொல் என்று போட்டிருந்தது.

அண்ணன் அப்படித்தான் திரும்பி வந்தார். விலா எலும்பை எண்ணலாம். கஞ்சிகூட இறங்கவில்லை. வைத்தியர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். ஆடி மாதத்தில் ஒருநாள் அண்ணன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கல்லை யாராச்சும் நிறுத்திப்போட்டாங்களா, கண்ணு?"

"இல்லீங்கண்ணா. நீங்க போட்டாப்பலயே படுத்துக் கெடக்குது."

"அப்பச் சரி. முழிச்சுக்கிட்டுத்தான் இருக்குது. அவன் எடுத்து வெக்கற ஒவ்வொரு அடியையும் பாத்துக்கிட்டு இருக்கும்."

அன்று இரவே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கல்லை நிமிர்த்தி வைக்க நான் இன்றுவரை யாரையும் விட்டதில்லை.