ஃபிளாஷைக் குளிப்பாட்டிய கதை

பிள்ளையார்பாளையத்தில் ஆயுத பூஜை வந்தால் தறி வீட்டுப் பெண்களுக்கு இடுப்பு ஒடிந்துவிடும். அந்த வருஷமும் தறியில் ஓடும் நாடா, கத்தரிக்கோல், அரிவாள்மனை, சைக்கிள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது கொழுந்தனுடைய கேமரா ஃபிளாஷும் கண்ணில் பட்டது.

தறியில் உட்காராமல் கேமராவும் கையுமாகத் திரிந்தவன் அவன். ஃபிளாஷ், மெட்ராஸில் பேரம் பேசி வாங்கிய மலிவுச் சாமான். போட்டோ பிடிப்பதெல்லாம் ஒரு தொழிலா என்று என் வீட்டுக்காரர் தினமும் தம்பியைக் குத்திக்காட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வீம்பில்தான் அதையும் பூஜைக்கு எடுத்தேன். எடுத்தவள் சும்மா துடைத்து வைத்திருக்கலாம். குத்துவிளக்கோடு குழாயடிக்குக் கொண்டுபோய், சீயக்காய்த்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அழுக்கெல்லாம் என்னமாய்ப் போனது! பிறகு கண்ணாடி மேல் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம்.

பூஜை முடிந்து அவன் பேட்டரி போட்டுப் பார்த்தான். பொசுங்கல் நாற்றம் வந்தது, வெளிச்சம் வரவில்லை. மறுநாள் காலை பக்கத்துத் தெருவில் ஒரு நிச்சயதார்த்தம். அவனுடைய முதல் கிராக்கி. முந்தாநாள் பஸ்ஸில் கீழே போட்டது தன் தப்புதான் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். மலிவாக வாங்கினால் இப்படித்தான் என்றார் வீட்டுக்காரர்.

பழி என் பக்கமே திரும்பவில்லை. நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி பொரியை மென்றுகொண்டிருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் பொரித் தட்டைக் கீழே வைத்தேன்.

"நான்தாம்பா கெடுத்தேன். சீயக்கா போட்டுக் கழுவிட்டேன்."

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கொழுந்தன் சிரிக்கவில்லை.

"அதை ஏன் அண்ணி கழுவுனீங்க?"

"தொழில் சாமானாச்சே, கழுவாம எப்படிப்பா பூஜையில வைக்கறது?"

அவன் நான் வைத்த சந்தனத்தைத் துடைக்காமல் ஃபிளாஷை அப்படியே பைக்குள் வைத்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கே பெண் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். சடங்கை மொட்டைமாடியில், வெயிலில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். பெண்ணின் அம்மா சிரித்த சிரிப்பில் சரி என்றுவிட்டார். மறுநாள் பெண்ணின் முகத்தில் வெளிச்சம் விழ, எங்கள் வீட்டு வெள்ளை வேட்டியை இரண்டு மணி நேரம் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே தூக்குங்க, சாய்ச்சுப் பிடிங்க என்று கொழுந்தன் என்னை ஏவியதுபோல் என் மாமியார்கூட ஏவியதில்லை. சொன்னபடியெல்லாம் பிடித்தேன். படங்கள் நன்றாக வந்தன. அவற்றைப் பார்த்து இன்னும் இரண்டு வீடுகளில் கூப்பிட்டார்கள்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குள் அவன் புது ஃபிளாஷ் வாங்கிவிட்டான். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. வீட்டுக்காரர்தான் தம்பியின் பையிலிருந்து அதை எடுத்துவந்து, தன் நாடாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தம்பியோட தொழில் சாமான். பொட்டு வைம்மா," என்றார். "கழுவிடாத."