வரத்தான் வீட்டு வாளி

எங்கள் ஊரில் ஒரு பிள்ளையைக் கண்டால் பெயரைக் கேட்பதற்கு முன்பே, "நீ என்ன குடி?" என்று கேட்டுவிடுவார்கள். குடி என்பது தாய்வழியாக வரும் குலம். உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. வாப்பாவின் குடிக்கும் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒவ்வொரு குடிக்கும் அதன் சார்பில் பேசப் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் இருப்பார். எங்கள் குடிக்கு என் மாமா, அதாவது உம்மாவின் கூடப்பிறந்த காக்கா, மரைக்காராக இருந்தார். அந்தத் திமிர் எனக்கும் கொஞ்சம் இருந்தது. யார் யார் எந்தக் குடி என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் அதைக் கேட்டிருந்தால் மாவட்டத்திலேயே நான்தான் முதலாவது.

அந்த வருட நோன்புக்குக் கொஞ்சம் முன்னால், கடற்கரை வீதியில் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் பின்னறைக்கு ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. புருஷன், பெண்சாதி, என் வயதில் ஒரு மகள். மலைநாட்டு முஸ்லிம்கள். மண் சரிந்து வீடு போய்விட்டதாம். அந்த மனிதர் நெல் மில்லில் மூட்டை தூக்கப் போனார். வேறு ஊரென்றால் பாவம் என்று விட்டிருப்பார்கள். நாங்கள் விடுவோமா? இத்தனை ஊர் இருக்க, நோன்பு நெருங்குகிற நேரம் பார்த்து இங்கே என்ன வேலை என்று வீதி முழுக்க ஒரே கேள்வி.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி பேர்போனது. நாளுக்கு ஒரு வீட்டார் முறை எடுத்து, இறைச்சியும் தேங்காய்ப்பாலும் தாராளமாகப் போட்டுப் பெரிய கிடாரத்தில் காய்ச்சுவார்கள். பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் பாத்திரத்தோடு வருகிற எந்தப் பிள்ளைக்கும் ஊற்றுவார்கள். இருக்கிறவன் பிள்ளை, இல்லாதவன் பிள்ளை என்று பார்ப்பதில்லை. வந்து நிற்கிற எல்லாரும் நம்மவர்களாக இருந்தபடியால் பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

"கஞ்சி மணத்துக்கு வந்ததுகள். பெருநாள் முடியட்டும், பாரு, பறந்திருவாங்க" என்று முதலில் கண்டுபிடித்தவர் மாமாவின் மனைவி, என் மாமி. உம்மாவும் அதற்கு ஓம் போட்டார். அப்போது வாப்பா கத்தாரில். அங்கே நோன்பு திறக்கும் நேரம் பெரிய கூடாரம் அடித்து, எந்த நாட்டுக்காரன் வந்தாலும் இருத்திச் சாப்பாடு கொடுக்கிறார்களாம். வாப்பா இமோவில் அந்தக் கோழிச் சோற்றைக் காட்டும்போது உம்மா பெருமையில் பூரித்துப் போவார். ஃபோனை வைத்துவிட்டு மாமியோடு சேர்ந்து வெளியூர் வந்தான் வரத்தானைத் திட்டத் தொடங்குவார். இரண்டையும் அவர் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

மாமி என்னை உளவுக்கு அனுப்பினார். "கிளி, ஓடிப்போய் அங்க என்ன சமைக்காங்க எண்டு பாத்துட்டு வாகா." எனக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? வேலி ஓட்டையால் பார்த்துவிட்டு மூச்சு வாங்க ஓடிவந்து, "மாமி, சாளை மீன் பொரிக்காங்க!" என்றேன்.

"கேட்டீங்களா மதினி? மீன் பொரிக்க வழியிரிக்கி. கஞ்சிக்கு மட்டும் பள்ளிக்கு வாறயாம்!" என்று மாமி உம்மாவைப் பார்த்தார்.

கரைவலை இழுக்கக் கைகொடுத்தவனுக்குச் சாளையை அள்ளிச் சும்மா கொடுக்கிற ஊர் எங்கள் ஊர். சாளை பொரிக்கிறவனைப் பணக்காரன் என்று சந்தேகப்பட எங்களால் மட்டும்தான் முடியும்.

நோன்பு பிறந்தது. அந்தப் பிள்ளை கஞ்சிக்கு நீல நிற வாளி ஒன்றோடு வந்து நின்றாள். நாங்கள் எல்லாரும் சட்டியும் கேத்தலுமாக நிற்க, அவள் கையில் குளிக்கிற வாளி. யா அல்லாஹ், அது போதாதா! அவளுக்கும் எங்களைப்போல இரண்டு அகப்பைதான் ஊற்றினார்கள். அது வாளியின் அடியைக்கூட மறைத்திருக்காது. ஆனால், "வாளி கொண்டுவந்து அள்ளுறாளுகளாம்" என்று கதை அன்றைக்கே சந்தைவரை போய்விட்டது. வீட்டை விட்டு ஓடும்போது கையில் அகப்பட்டது அந்த வாளி ஒன்றுதானாம் என்று பிறகு யாரோ சொன்னார்கள். நாங்கள் அதையும் நம்பவில்லை.

பிறகு கஞ்சி தண்ணீரானது. முறை எடுத்த வீட்டார் இறைச்சியைக் குறைத்தார்கள். அடுத்த வீட்டார் தேங்காயைக் குறைத்தார்கள். "நம்மட காசில ஆரோ குடிக்கிறதுக்கு நாம என்னத்துக்குக் கொட்டணும்?" என்று உம்மாவே சொன்னார். எங்கள் முறை வந்தபோது கிடாரத்துக்குள் இறைச்சியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. குறைத்தது நாங்கள். கஞ்சி தண்ணீரானதற்குப் பழி அந்த வாளிக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மரைக்கார்மார் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நாளையிலிருந்து ஊர்க் குடிகளில் ஒன்றைச் சேர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் கஞ்சி. ஒருத்தியை மட்டும் கேட்டுத் திருப்பி அனுப்பினால் அநியாயமாகப் போகும் அல்லவா? ஆகவே எல்லாப் பிள்ளைகளையும் குடி கேட்டே ஊற்றுவது. இந்த நியாயத்தைச் சொன்னவர் என் மாமாதான். மாமாவின் மூளையே மூளை என்று நான் நினைத்தேன்.

அன்று பின்னேரம் அந்த வாளிப் பிள்ளையின் உம்மா மாமியின் கேற்றடிக்கு வந்தாள். நான் மாமிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"மரைக்கார் வூடு இதுதானுங்களா? எங்க வூட்டு ஆளு மில்லுல மூட்டையோட வுழுந்துட்டாரு. இடுப்ப அசைக்க ஏலாம படுத்திருக்காரு. வேல இல்ல, கூலி இல்ல. அந்தக் கஞ்சியத்தாம்மா மூணு பேரும் நோன்பு தொறக்குறதுக்கும் விடியக்காலைல சஹருக்கும் வச்சுக் குடிக்கிறோம். நாளைக்குக் குடி கேப்பாங்களாமே. எங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லீங்க. புள்ளைக்கு மட்டும் ஊத்தச் சொல்லுங்கம்மா."

"அதெல்லாம் ஆம்பிளைகள் கதைக்கிற கதை. எனக்குத் தெரியா" என்றார் மாமி.

அந்தப் பெண் போகவில்லை. மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்களும் எங்க பக்கந்தானேம்மா? பேச்சுல ஒரு இழுப்பு காட்டிக் குடுக்குதே."

"ஆரு சொன்ன? நான் இவடத்தாள்! போகா, போ. நோன்பு திறக்கிற நேரமாகுது." மாமி கேற்றைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். ஒருதரம் இழுத்தும் பார்த்தார். என்ன துணிச்சல் இந்தப் பொம்பிளைக்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மாமி அந்த வீட்டில்தானே இருக்கிறார்! கஞ்சிக்காக எங்கள் மாமியையே சொந்தம் கொண்டாடப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் அசருக்குப் பிறகு வரிசை நகர்ந்தது. கிடாரத்தடியில் மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கஞ்சி ஊற்றுகிற காக்கா ஒவ்வொரு பிள்ளையாக, "என்ன குடி?" என்று கேட்டார். சொன்ன பிள்ளைக்கு ஊற்றினார். வாளிக்காரப் பிள்ளையின் முறை வந்தது. அவள் வாளியை மட்டும் நீட்டினாள். காக்கா அவளைப் பார்க்காமல், "அடுத்த ஆள்" என்றார். அவள் வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அழுவாள் என்று பார்த்தோம், அழவில்லை. அதுவும் எங்களுக்குத் திமிராகத்தான் தெரிந்தது.

அடுத்தது மாமாவின் மகன், என் மச்சான். என்னைவிட இரண்டு வயது இளையவன். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் வாப்பாவின் குடியைச் சொன்னான்.

தவறான விடையைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியுமா? "டேய், அது எங்கட குடி! நீ ஒன்ட உம்மாட குடியெல்லா சொல்லணும்" என்றேன், வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி.

"உம்மாட குடி என்ன, வாப்பா?" என்று அவன் திரும்பி மாமாவைக் கேட்டான்.

மாமா தொண்டையைச் செருமினார். காக்காவின் அகப்பை கிடாரத்துக்கு மேலே அப்படியே நின்றது. பின்னாலிருந்து ஒரு பையன், "குடி இல்லாட்டிக் கஞ்சியும் இல்ல!" என்று கத்த, எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். மாமா மகனின் கையைப் பிடித்து, "வா மன, ஊட்ட போவம்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்குத்தான் உம்மா எனக்குச் சொன்னார். மாமா வாலிபத்தில் பதுளைப் பக்கம் புடவைக்கடை வைத்திருந்தவராம். அங்கேயே கல்யாணம் முடித்து மாமியை இங்கே கூட்டிவந்தவராம். மாமிக்கு இந்த ஊரில் உம்மா இல்லை, உம்மாவின் உம்மா இல்லை, ஆகவே குடியும் இல்லை. மாமிக்கு இல்லாதபடியால் மச்சானுக்கும் இல்லை. ஊர் அதை மறந்தே போயிருந்தது.

நானும் உம்மாவும் போனபோது மாமி அடுப்படியில் குந்தியிருந்தார். "நான் உங்கள மாதிரித்தானே கதைக்கன் மதினி? உங்கள மாதிரித்தானே ஆக்கித் தின்னன்? இன்னும் என்னத்தச் செய்யணும் நான்?" என்று உம்மாவைக் கேட்டார்.

மரைக்கார்மார் திரும்பவும் கூடினார்கள். முடிவை மாற்றினால் ஊர் சிரிக்கும். ஆகவே மாமிக்கு ஒரு குடியைத் தேடினார்கள். புருஷனும் பெண்சாதியும் ஒரே குடியில் இருக்கக்கூடாது என்பதால் எங்கள் குடி சரிவரவில்லை. கடைசியில் வேறொரு குடிக்காரர் மாமியைத் தங்கள் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார்கள். பேரீச்சம்பழம் பங்கிட்டார்கள். மச்சான் மறுநாள் புதுக் குடியைச் சொல்லிக் கஞ்சி வாங்கினான். கிடாரத்தில் இறைச்சியும் பழையபடி விழத் தொடங்கியது. மலைநாட்டுக்காரிக்கும் ஒரு குடியைத் தேடலாமே என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, பெருநாளுக்கு முன்னால் ஒரு மத்தியானம், மாமி என்னை மெதுவாகக் கூப்பிட்டு அவர்கள் இருந்த பக்கம் ஒருதரம் பார்த்துவரச் சொன்னார். நான் பறந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"ஊடு பூட்டிக் கிடக்கு மாமி. ஆருமில்ல."

"எங்க போனாங்களாம்?"

"ஆருக்கும் தெரியாதாம்."

"அந்த மனிசனால நடக்க ஏலாதே" என்றார் மாமி.

மாமிக்கு இன்னும் பயம் போகவில்லை என்று எனக்கு விளங்கியது. அவருடைய தோளைத் தட்டி, "பயப்படாதீங்க மாமி, இனி வரமாட்டாங்க" என்றேன். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினார். சந்தோசம் தாங்காமல் மாமி அழுகிறார் என்று நான் உம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.