படம் எடுத்தது

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டுவிட்டால் எனக்கு மூங்கில் தோப்புதான் கதி. நன்னிலத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் இருந்தது அது. தண்ணீர் நின்று வயலெல்லாம் வெடித்துக் கிடக்கும் நாட்களில் அங்கே மட்டும் நிழல் இருக்கும். அந்த நிழலில் ஒரு பட்டாம்பூச்சி. இறக்கையை மூடினால் காய்ந்த மூங்கில் இலையேதான். பொழுது சாயும்போது எழும்பும், கண்ணில் பட்டதும் காணாமல் போகும். சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் அதை நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் என் பின்னாலேயே ஒருவர் வர ஆரம்பித்தார். தோப்பை ஒட்டி வயல் வைத்திருப்பவர். நான் குனிந்தால் அவரும் வரப்பில் நின்று எட்டிப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோப்பு புறம்போக்கு. வெட்டிச் சாய்த்து வயலோடு சேர்த்து உழுதுவிட்டால் ஏன் என்று கேட்க நாதி கிடையாது. மனுஷன் அதற்குத்தான் ஆழம் பார்க்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒருநாள் சாயங்காலம் கேட்டேவிட்டார். “தினம் வந்து என்னங்க டீச்சர் பாக்குறீங்க?”

இவரிடம் விவரம் சொல்வதாவது. “சும்மா, பூச்சி பாக்குறேன்” என்றேன்.

அவர் முகம் மாறியது. “பெருசுங்களா?”

“உள்ளங்கை அகலம் இருக்கும். சருகுல கெடந்தா கண்ணுக்கே தெரியாது.”

“படம் எடுத்துச்சா?”

எடுத்தாச்சா என்றுதான் என் காதில் விழுந்தது. என் போனில் என்ன இருக்கிறது என்று துருவுகிறாராம். “நேத்து எடுத்தது. இருட்டுல சரியாத் தெரியல” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

மறுநாள் தூரத்திலேயே புகை தெரிந்தது. ஓடினேன். தோப்பை அடியோடு வெட்டி, சருகைக் கூட்டிக் கொளுத்தியிருந்தார்கள். நினைத்த மாதிரியே செய்துவிட்டாரே! அரிவாளோடு, வேர்த்து விறுவிறுத்து எதிரே வந்தார் அவர். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

“இனிமே பயமில்லாம நடங்க டீச்சர். படம் எடுக்குற பூச்சி கெடக்குற எடத்துல ஒத்தையில திரியிறீங்களேன்னு ராத்திரி தூக்கமே வரலைங்க. அதான் ஆளுங்களக் கூப்பிட்டு முடிச்சுட்டேன்.”

பொழுது சாய்ந்தால் எங்கள் ஊரில் யாரும் பாம்பை அதன் பேர் சொல்லிப் பேச மாட்டார்கள். பூச்சி என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன்.

அப்போதும் என் கண் அவருடைய வரப்பைத்தான் தேடியது. அது இருந்த இடத்திலேயே இருந்தது.

“பூச்சிதான் ஆப்புடல. ஓடியிருக்கும்” என்றார் குறையாக.

“ஆமாங்க, போயிடுச்சு” என்றேன்.