ரஷீது நானா நம்பிய சபை

என் எழுத்து மேடும் பள்ளமுமாகப் போகும். ஒரு வரி முடிவதற்குள் பக்கத்தில் வைத்த தேநீர் ஆறிவிடுகிறது. அச்சுக் கோர்க்கும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தி பிடித்த கைக்கு வயதான பிறகுதான் பேனா கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து எனக்குத் தாங்க முடியாத சந்தோசம். பஸ்ஸில் போனால் ஒரு கடைப் பலகையையும் விடுவதில்லை.

அப்படித்தான் அன்றும் ஹட்டன் பட்டணத்தில் இறங்கி, ஒவ்வொரு பலகையாக வாசித்துக்கொண்டே ரஷீது நானாவின் தேயிலைக் கடைக்குப் போனேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். கதவு பூட்டிக் கிடந்தது. அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'ரஷீது' என்பதை உடனே வாசித்துவிட்டேன். கடைப் பலகையில் எத்தனையோ முறை பார்த்த பெயர். அடுத்த சொல் எங்கள் முதியோர் மாலை வகுப்பில் வராதது. எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். வபாத்தானார். பிழையில்லாமல் வாசித்துவிட்டேன் என்று முதலில் மகிழ்ந்தேன். அதன் பிறகுதான் என்ன வாசித்தேன் என்பது புரிந்தது. பக்கத்துத் தையற்காரர் வெளியே வந்து, முந்தின நாளே அடக்கம் செய்துவிட்டார்கள் என்றார்.

என்னை எழுத்துக்குத் தள்ளியவர் நானாதான். கடைக்குப் போகும்போதெல்லாம் பத்திரிகையை வாசித்துச் சொல்லச் சொல்வேன். ஒரு நாள் பத்திரிகையை மடித்து என் மடியில் வைத்தார். "நான் வாசிச்சா நீங்க என்னைய நம்பித்தான் ஆகணும், வீரையாண்ணே. நீங்களே வாசிங்க. பொறகு என்னைய சந்தேகப்படுங்க" என்றார். மறு கிழமை நான் வகுப்பில் உட்கார்ந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்கு எங்கள் தேயிலைக் கதையும் தெரிந்திருக்கும். தோட்டத்துக் கம்பெனி கைவிட்ட மேட்டு நிலத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக் குடும்பங்கள் செடிகளை மீட்டு, கையாலேயே தேயிலைத் தூள் செய்தோம். நானா அதை வாங்கிச் சின்னப் பைகளில் அடைத்து ஒரு வெளிநாட்டுக்கு அனுப்பினார். திடீரென்று அந்த நாடு வரியை ஏற்றியது. எங்கள் தூள் கடைக்குப் பின்னால் மூட்டை மூட்டையாகத் தேங்கியது. உலக நாடுகள் கூடி வியாபாரச் சட்டம் பேசுகிற சபை ஒன்று இருக்கிறது, அங்கே நியாயம் கிடைக்கும் என்று நானா நம்பினார். சிறு வியாபாரிகளின் கூட்டத்தோடு, வாசலில் நின்றாவது சொல்லிவிட்டு வருகிறேன் என்று கம்பளிக் கோட்டு ஒன்றை இரவல் வாங்கிப் புறப்பட்டார்.

அப்போது நாங்கள் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தோம். எங்கள் கோயில் கமிட்டியில் எந்தப் பேச்சுக்கும் முடிவில் வெற்றிலைத் தட்டு சுற்றி வரும். எல்லோரும் எடுத்தால்தான் முடிவு. ஒருவர் எடுக்காவிட்டாலும் பேச்சு அப்படியே நிற்கும். கூட்டம் நேரம் கடந்து நீடித்தால் எல்லோரும் எடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். சம்மதம் இல்லாதவர்கள் முன்னமே துண்டை உதறிக்கொண்டு போய்விடுவார்கள். உலக சபைக் கூட்டத்தை ஒரு நாள் நீட்டித்திருக்கிறார்கள் என்று வானொலி சொன்னதும், காரியம் முடிந்தது என்று லயமே துள்ளியது. பெண்கள் பெரிய அண்டாவில் பொங்கல் வைத்தார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பொங்கல் இறங்கிய நேரத்தில் அடுத்த செய்தி வந்தது: உடன்பாடு இல்லை, எல்லோரும் கலைந்துவிட்டார்கள். பொங்கலைக் கொட்ட முடியுமா? யாரும் யாரையும் பார்க்காமல் சாப்பிட்டோம்.

நானா திரும்பியபோது அந்தப் பொங்கலைப் பற்றிச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அங்கயும் வெத்தலத் தட்டுதான் அண்ணே. ஒத்தர் எடுக்காட்டி ஒண்டும் நடக்காது. வழக்குப் போட்டு வெண்டாலும், தோத்தவன் அப்பீல் போடுவான். அப்பீல் கேக்குற நாக்காலியில ஆளில்ல. ஆளப் போடவும் எல்லாரும் வெத்தல எடுக்கணும்" என்றார்.

கமிட்டித் தலைவர் மாரிமுத்து அங்கே இருந்தார். அவர் வாய்க்கு ஹட்டனே பயப்படும்.

"ஆளில்லாத கோயிலுக்கு அர்ச்சனத் தட்டு கொண்டு போயிருக்கீங்க நானா. இரவல் கோட்டையாவது திருப்பிக் குடுத்திட்டீங்களா?"

"குடுத்திட்டேன். மாரிமுத்து, சபை செத்துப் போச்சுண்டு சொல்றது லேசு. செத்துட்டா பெரியவன் கை மட்டும்தான் மிச்சம். அவன் வச்சதுதான் வெல."

"இப்ப மட்டும் யாரு வைக்கிற வெலையாம்?"

நானா கேத்தலை எடுத்தார். எங்களுக்குத் தேநீர் ஊற்றினார். எங்கள் தூள்தான்.

கடைசியாக அவரை வீட்டில் படுக்கையில் பார்த்தேன். இன்னொரு கூட்டமும் அதேபோல் கலைந்திருந்தது. அந்தச் செய்தியை நான்தான் வாசித்துக் காட்டினேன், தட்டுத் தடுமாறி. வாசித்து முடித்த பெருமையில் நிமிர்ந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "வெத்தல எடுக்காதவன் மேல எனக்குக் கோவமில்ல. ஏன் எடுக்கலண்டு சொல்லாமப் போறானே, அவன்தான் சபையக் கொல்றான்." அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. சபை பிழைக்கும் என்று அவர் அப்போது சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நல்ல செய்தி எதுவும் சொல்ல என்னிடம் இல்லை. நானாவின் மகன் கடையை விற்கப்போகிறான். இளசுகள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். மேட்டு நிலத்தில் கொழுந்து முற்றி இலையாகிறது. பறிப்பதற்குக் காரணம் இல்லை. போன கிழமை கமிட்டி கூடியது. செடிகளைப் பிடுங்கிவிட்டு உருளைக்கிழங்கு போடுவோம் என்றார் மாரிமுத்து. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. தட்டு வந்தது. ஒவ்வொருவராக எடுத்தார்கள். என்னிடம் வந்தபோது என் கை மடியிலேயே இருந்தது.

"என்னா வீரையா, எடுக்கலியா?" என்றார் மாரிமுத்து.

"எடுக்கல."

"ஏன்னு சொல்லிட்டு ஒக்காரு."

நானா குறை சொன்ன அந்த ஒருவன் இப்போது நான்தான். அந்தச் செடிகளை என்னால் காப்பாற்ற முடியாது. தூளை வாங்க ஆள் இல்லை. வரியை இறக்கச் சொல்ல அந்த நாற்காலியில் ஆளும் இல்லை. எழுந்து போய்விட்டால் போதும், பேச்சு அப்படியே நின்றுவிடும். கால் எழப் பார்த்தது. ஆனால் உட்கார்ந்தே இருந்தேன். காரணத்தைச் சொல்கிறேன், ஒரு கிழமை தாருங்கள் என்று கேட்டேன். வெற்றிலையைத் தட்டிலேயே வாடவிட்டு எல்லோரும் எழுந்தார்கள்.

நானாவிடமிருந்து என்னிடம் தங்கியது இந்தக் கடன் ஒன்றுதான்: மறுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். இரண்டு நாளாக இதை எழுதுகிறேன், காரணம் இன்னும் பேனாவுக்கு வரவில்லை. கேட்ட கிழமை முடிந்ததும் தட்டு மறுபடி என் முன்னால் வரும். காரணம் கிடைத்தால் அன்றைக்கே உங்களுக்கு எழுதுகிறேன். கிடைக்காமல் வெற்றிலையை எடுத்துவிட்டால், அதையும் எழுதுகிறேன்.