மகாவலியில் போட்ட வெள்ளரிக்காய்

காலை 5.40. யாழ்ப்பாணத்திலிருந்து முந்நூற்று இருபது கிலோமீற்றர் பஸ்ஸில் குலுங்கி, கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கினேன். மஹய்யாவவுக்குப் போக ஓட்டோக்காரர் ஐந்நூறு ரூபாய் கேட்டார்.

"இரண்டு கிலோமீற்றருக்கு ஐந்நூறோ? உமக்கே நியாயமாப் படுதோ?"

"மேடுங்கய்யா, வண்டியும் பாவம்" என்று சிரித்தார். நானூறுக்குச் சம்மதித்தார்.

அங்கேதான் செல்வத்தின் வீடு. அவன் முன்பு என்னோடு ஒரே கந்தோரில் வேலை பார்த்தவன். மனைவி மாலா. ஆறு வயது மகள் பிரியா போன கிழமை முழுக்கக் காய்ச்சலில் கிடந்து இப்போதுதான் எழும்பியிருந்தாள். மேல்வீட்டில் வாடகைக்கு இருப்பவர் ஹருகோ, யப்பானிலிருந்து வந்து அந்த மொழி படிப்பிக்கிற ரீச்சர். என்னைக் கண்டதும் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன். அவர் மறுபடி குனிந்தார். நான் விடுவேனா? கடைசியில் எனக்கு இடுப்பு நாரி பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

காலை 9.30. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்கள் கட்டுகஸ்தோட்டைக்குப் போய் மகாவலியில் குளிப்பார்களாம். ரீச்சரும் வந்தார். எங்கள் ஊரில் ஆறே இல்லை. அவ்வளவு தண்ணீர் சும்மா ஓடிப் போவதைப் பார்த்து வாய் பிளந்து நின்றேன்.

சற்றுத் தள்ளி மூங்கில் பற்றைக்குப் பின்னால் ரீச்சர் குந்தியிருந்தார். கையில் சின்னக் கத்தி. ஒரு வெள்ளரிக்காயில் ஏதோ கீறிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கோணல்மாணலாகத் தமிழில் 'பிரியா', அதற்குக் கீழே 6. கும்பிட்டுவிட்டு அதை ஆற்றில் போட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அது என் பிறவியிலேயே இல்லை.

"ஐயோ தங்கச்சி! பிள்ளைக்குச் சூனியம் செய்யிறா!"

மாலா ஓடிவந்தாள். கல்லில் தட்டி நின்ற வெள்ளரிக்காயில் பெயரைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. "போன கெழமதான் புள்ளைக்கு எத்தனை வயசுன்னு கேட்டாங்கண்ணே! நானும் மடச்சி மாதிரி சொன்னேனே! அதான் காய்ச்சல் அத்தனை நாள் விடவே இல்ல!" பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு செல்வத்தைப் பார்த்துக் கத்தினாள். "இன்னைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்லுங்க!"

ரீச்சர் ஒன்றும் விளங்காமல் எங்களை நோக்கிக் குனிந்தபடியே இருந்தார். செல்வம் சிங்களத்தில் கேட்டான். அவர் அழுதழுது சிங்களத்திலேயே சொன்னார். கேட்டு முடிந்ததும் அவன் பொத்தென்று கல்லில் உட்கார்ந்தான்.

"அண்ணே, அவங்க ஊரு ஆத்துல கப்பான்னு ஒண்ணு இருக்காம். சின்னப் புள்ள உசரம், முதுகுல ஆமை ஓடு, தலை உச்சியில தண்ணி நெறஞ்ச குழி. குளிக்கிற புள்ளைங்கள உள்ளுக்கு இழுத்துருமாம். வெள்ளரிக்கான்னா அதுக்கு உசுரு. வருசா வருசம் பேரும் வயசும் கீறிப் போட்டா, அதைத் தின்னுட்டு அந்தப் புள்ளைய விட்டுருமாம். நாம குனிஞ்சு கும்பிட்டா அதுவும் குனியுமாம். தலைத்தண்ணி கொட்டி, பலமெல்லாம் போயிருமாம்."

"அதுக்கேன் அழுறா?"

"இவங்க தம்பிக்கு ஆறு வயசுல, ஒரு வருசம் போட மறந்துட்டாங்களாம். அந்த வருசம் அவன் ஆத்தோட போயிட்டானாம்."

 காக்க நினைத்தவரையா கொலைகாரி ஆக்கினேன்? வெட்கத்தில் உடம்பு கூசியது. மாலா பிள்ளையின் தலையைத் தடவியபடி நின்றாள்.

மறுநாள் காலை 7.00. புறப்படுமுன் சமையல் நடக்கிற குசினியை எட்டிப் பார்த்தேன். மாலா ஒரு வெள்ளரிக்காயில் 'ஹருகோ' என்று கீறி, கீழே 31 போட்டுக்கொண்டிருந்தாள்.

"வயசைக் கேட்டுக்கிட்டேன்" என்றாள். "அடுத்த கெழம அவங்க ஊருக்குக் கடல் தாண்டிப் போறாங்க. அவங்களும் ஒருத்தி பெத்த புள்ளதானேண்ணே."

காலை 8.15. பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஏறியது. நான் எழுந்து, யன்னல் பக்கம் திரும்பி, ஆற்றைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தேன். நாரி நொந்தது. பாலம் முடியும்வரை விடவில்லை.

"என்னண்ணை, வயித்துக்குள்ள ஏதும் செய்யுதோ?" என்றார் பக்கத்து சீற்றில் இருந்தவர்.

"இல்லைத் தம்பி" என்றேன். "பிள்ளையள் குளிக்கிற ஆறு."